முழு சஸ்பென்ஷன் மலை சைக்கிள்: ஃபிரேம் அளவு குறித்த கேள்வி-பதில்

கேள்வி: என் உயரம் 173 செ.மீ. நான் வாங்க நினைக்கும் முழு சஸ்பென்ஷன் (இரு சக்கரங்களுக்கும் அதிர்வு தாங்கி உள்ள) சைக்கிளின் அளவுப் பட்டியலில் மீடியம், லார்ஜ் இரண்டுமே எனக்குப் பொருந்தும் என்று போட்டிருக்கிறார்கள். எதை எடுக்கலாம்?

பதில்: உயரத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஃபிரேமின் அளவுகளைத் தரும் ஜியோமெட்ரி அட்டவணையில் முதலில் பார்க்க வேண்டியது ரீச். பெடல் கைகள் சுழலும் கிராங்க் அச்சின் மையத்திலிருந்து நேர் மேலே ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோட்டுக்கும் ஹெட் டியூப் (ஃபிரேமின் முன்முனைக் குழாய்) மேல்விளிம்பின் மையத்துக்கும் இடையே உள்ள கிடைமட்டத் தொலைவுதான் ரீச். அதே இரு புள்ளிகளுக்கு இடையிலான உயரம் ஸ்டாக். இறக்கத்தில் நாம் சீட்டில் உட்காருவதில்லை, பெடல்மீது நின்றபடி ஓட்டுகிறோம். அப்போது உடலுக்குக் கிடைக்கும் இடத்தைச் சொல்பவை இந்த இரண்டு அளவுகள்தாம்.

அடுத்தது, சீட்டைத் தாங்கும் குழாயான சீட் டியூபின் நீளம். கிராங்க் அச்சிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை உங்களுக்கு 700 மி.மீ. வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சீட் டியூப் 440 மி.மீ. என்றால் மீதம் 260 இருக்கும். ஓட்டும்போதே சீட்டை இறக்கி ஏற்ற உதவும் தண்டான, 150 மி.மீ. இறங்கும் டிராப்பர் போஸ்டுக்கு, அதன் தலைப்பகுதியையும் சீட்டின் தடிமனையும் சேர்த்து ஏறத்தாழ 240 மி.மீ. தேவை, ஆகவே தாராளமாக அடங்கும். சீட் டியூப் 480 என்றால் அடங்காது. பெரிய அளவை இந்த ஒரு காரணத்துக்காகவே ஒதுக்க நேரிடலாம்.

இரண்டு அளவிலும் போஸ்ட் அடங்கினால், ஓட்டும் பாதையைப் பாருங்கள். நெருக்கமான வளைவுகளும் மெதுவான பாதையும் என்றால் மீடியம். செங்குத்தான இறக்கங்களில் வேகமாகப் போகிறவருக்கு லார்ஜ். ஆனால் நீண்ட ஃபிரேமில் உடலை முன்னே கொண்டுவந்து முன்சக்கரத்தின் மீது எடையைப் போட வேண்டும். பின்னால் சாய்ந்தே ஓட்டிப் பழகியவருக்கு வளைவில் முன்சக்கரம் வழுக்கும். தவறான அளவை ஸ்டெம் (ஹேண்டில்பாரை ஃபோர்க்குடன் இணைக்கும் துண்டு) மாற்றிச் சரிசெய்துவிடலாம் என்று கடையில் சொன்னால் ஏற்க வேண்டாம். இன்றைய டிரெயில் சைக்கிள்களில் ஸ்டெம் பெரும்பாலும் 35 முதல் 50 மி.மீ. வரை இருக்கிறது, அதை 80 ஆக்கினால் ஹேண்டில்பார் திரும்பும் தன்மையே கெட்டுப்போகும்.

கேள்வி: என் பழைய சைக்கிள் 18 அங்குலம். முழு சஸ்பென்ஷனில் அதற்கு இணையான அளவு எது?

பதில்: அங்குலக் கணக்கு சீட் டியூபின் நீளத்தைக் குறித்தது. முழு சஸ்பென்ஷன் ஃபிரேமில் ஷாக்குக்கும் (பின்பக்க அதிர்வு தாங்கி) லிங்க்கேஜுக்கும் (அதை இயக்கும் இணைப்புகள்) இடம்விட்டு அந்தக் குழாயை வளைத்திருப்பார்கள், டிராப்பர் போஸ்டுக்காகக் குட்டையாக்கியும் இருப்பார்கள். ஆகவே அந்த எண் இங்கே உதவாது. ரீச்சை ஒப்பிடுங்கள்.

கேள்வி: பழைய ஹார்ட்டெய்லிலும் (முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ளது) புதிய முழு சஸ்பென்ஷன் சைக்கிளிலும் ரீச் 450 மி.மீ.தான். ஆனாலும் உட்கார்ந்து மிதிக்கும்போது புதியது நீளம் குறைந்ததாகத் தோன்றுகிறது. ஏன்?

பதில்: முக்கியக் காரணம் சீட் டியூப் கோணம். பழையதில் 73 டிகிரி, புதியதில் 77 டிகிரி என்று கொள்வோம். ஸ்டாக் இரண்டிலும் 620 மி.மீ. என்றால், அந்த உயரத்தில் சீட் சுமார் 46 மி.மீ. முன்னே வந்துவிடுகிறது. நிற்கும்போது தெரியாத இந்த வித்தியாசம் உட்கார்ந்தால் நன்றாகவே தெரியும். இன்னொன்றும் உண்டு: ஹார்ட்டெய்லில் உங்கள் எடைக்கு முன்பக்கம் மட்டும் தாழ்வதால் ரீச் சற்றே கூடுகிறது, முழு சஸ்பென்ஷனில் இரு பக்கமும் தாழ்வதால் ஏறத்தாழ அப்படியே நிற்கிறது. இதற்காகச் சீட்டைக் கடைசிவரை பின்னே தள்ளிவிடாதீர்கள். செங்குத்தான ஏற்றத்தில் எடை பின்னே போய்ப் பின்பக்கம் அமிழும்போது முன்சக்கரம் தரையை விட்டுத் தூக்காமல் காப்பது அந்தக் கோணம்தான்.

கேள்வி: நீலகிரியில் தேயிலைத் தோட்டத்து மண்சாலைகளிலும் தார்ச்சாலையிலும் ஓட்டுகிறேன். முழு சஸ்பென்ஷன் அவசியமா?

பதில்: அவசியமில்லை. அதே விலைக்கு நல்ல ஃபோர்க்கும் பிரேக்கும் கொண்ட, எடை குறைந்த ஹார்ட்டெய்ல் கிடைக்கும். கல்லும் வேரும் நிறைந்த ஒற்றையடிப் பாதைகளில் அடிக்கடி ஓட்டுவீர்கள் என்றால், 120 முதல் 150 மி.மீ. ட்ராவல் (சக்கரம் மேலும் கீழும் நகரும் தொலைவு) கொண்ட டிரெயில் வகையைப் பாருங்கள். அதற்கு மேற்பட்டது உங்கள் பாதைக்குச் சுமைதான். மலிவான ‘டபுள் சஸ்பென்ஷன்’ சைக்கிளை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். அதன் பின்பக்கம் இருப்பது வெறும் ஸ்பிரிங். எழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டாம்பிங் கிடையாது. ஒவ்வொரு மிதிக்கும் ஃபிரேம் அமிழ்ந்தெழுந்து உங்கள் உழைப்பைத் தின்றுவிடும்.

கேள்வி: ஷாக்கில் எவ்வளவு காற்று அடிக்க வேண்டும்?

பதில்: காற்றழுத்தத்தை விட சேக் அளவே முக்கியம், உங்கள் எடைக்கு ஷாக் எவ்வளவு அமிழ்கிறது என்பதே அது. தண்ணீர்ப் பை, ஹெல்மெட் எல்லாம் அணிந்து, சுவரில் முழங்கையை ஊன்றியபடி ஏறி உட்காருங்கள். ஷாக் தண்டில் உள்ள ரப்பர் வளையத்தை சீல் வரை தள்ளிவிட்டு, குலுக்காமல் இறங்குங்கள். வளையம் நகர்ந்த தொலைவை அளந்து பாருங்கள். 55 மி.மீ. ஸ்ட்ரோக் (ஷாக் முழுவதும் அமிழும் தொலைவு) கொண்ட ஷாக்கில், நாம் வைக்க வேண்டிய 30 சதவீதம் என்பது 16.5 மி.மீ. அதைவிட அதிகமாக அமிழ்ந்தால் கிராங்க் கல்லில் மோதும், சரியான அளவு ஃபிரேம்கூடச் சிறியதாகத் தோன்றும். ஓட்டிப் பார்த்து அளவை முடிவு செய்யப் போகிறவர்கள் கடையிலேயே இதைச் செய்துவிட வேண்டும்.

கேள்வி: பழைய சைக்கிள் வாங்கும்போது எதைச் சோதிப்பது?

பதில்: பின்சக்கரம் தரையில் இருக்க, சீட்டைப் பிடித்து மெல்ல மேலே தூக்குங்கள். சக்கரம் எழுவதற்கு முன் ‘டக்’ என்று ஒரு தளர்வு கையில் தட்டினால், ஷாக்கின் முனையில் உள்ள புஷ்ஷோ ஃபிரேமின் மூட்டுகளில் உள்ள பிவட் பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். ஷாக் தண்டில் நகம் பதியும் அளவுக்குக் கீறல் இருந்தால், வேறு சைக்கிள் தேடுவதே நல்லது.