தக்காளி நாற்று ஏன் சாய்கிறது, புதினா விதை ஏன் முளைப்பதில்லை?

வாசகர் ஒருவரின் கேள்வி இது: "தக்காளி, கொத்தமல்லி, திருநீற்றுப்பச்சிலை, புதினா ஆகிய நான்கு விதைகளையும் ஒரே குழித்தட்டில் ஒரே நாளில் விதைத்தேன். பிளாஸ்டிக் தாளால் மூடி ஜன்னல் ஓரம் வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். தக்காளி ஒரு வாரத்தில் முளைத்தது. ஆனால் நாற்றுகள் மெலிந்து நீண்டு சாய்கின்றன, சில அடியோடு விழுந்து செத்துவிட்டன. திருநீற்றுப்பச்சிலை கொஞ்சம் வந்திருக்கிறது. கொத்தமல்லி அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தெரிகிறது. புதினா வரவே இல்லை. விதை சரியில்லையா? மிச்சமுள்ள நாற்றுகளைக் காப்பாற்ற முடியுமா? பாக்கெட்டில் மீதி இருக்கும் விதை அடுத்த வருடம் உதவுமா?"

விதைமீது பழி போட வேண்டாம். ஒரு வாரத்தில் முளைத்த தக்காளி விதை நல்ல விதைதான். நான்கு விதைகளுக்கும் ஒரே தட்டு, ஒரே மூடி, ஒரே அளவு தண்ணீர் என்று வைத்ததில்தான் சிக்கல். தக்காளிக்கு ஒத்துவருவது கொத்தமல்லிக்கு ஒத்துவராது. புதினாவை விதையிலிருந்து தொடங்குவதே வீண் வேலை என்பது என் கருத்து. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் தக்காளி, ஏனென்றால் அங்கேதான் அவசரம்.

நீங்கள் சொல்வதில் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் கலந்திருக்கின்றன. தட்டைக் கண்ணருகே கொண்டுபோய், சாய்ந்த நாற்றின் தண்டு மண்ணைத் தொடும் இடத்தைப் பாருங்கள். தண்டு முழுவதும் ஒரே பருமனில், பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ உறுதியாக இருந்தால், அது வெளிச்சம் போதாமல் நீண்ட நாற்று. பிழைத்துக்கொள்ளும். மண்மட்டத்தில் மட்டும் தண்டு நீர் கோத்ததுபோல் பழுப்பாகி, நூல் கட்டி இறுக்கிய மாதிரி சுருங்கியிருந்தால், அது நாற்றழுகல் நோய். மேலே இலை பச்சையாகவே இருக்கும், செடி மட்டும் விழுந்துகிடக்கும். அதைக் காப்பாற்ற வழியில்லை. அந்த நாற்றை, அதைச் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள். பக்கத்துக் குழிகளுக்குப் பரவாமல் இருந்தால் அதுவே லாபம்.

நாற்றழுகலுக்குக் காரணம் மண்ணில் வாழும் பித்தியம், ரைசோக்டோனியா போன்ற நுண்ணுயிர்கள். ஓயாத ஈரமும், காற்று அசையாத மூடியும், நெருக்கமாக நிற்கும் நாற்றுகளும் இருந்தால் அவற்றுக்குக் கொண்டாட்டம். உங்கள் தட்டில் மூன்றுமே இருக்கின்றன. மூடி, முளைக்கும் வரைதான் தேவை. முதல் முளை தலைகாட்டிய அன்றே அதை எடுத்துவிட வேண்டும். இருவேளை தண்ணீர் தெளிப்பதையும் இன்றோடு நிறுத்துங்கள். மண்ணின் மேற்பரப்பு நிறம் வெளுத்து, விரலால் தொட்டால் காய்ந்திருக்கும்போது மட்டும் தண்ணீர் கொடுங்கள். அதையும் மேலிருந்து ஊற்றாமல், தட்டை ஓர் அகலமான பாத்திரத்தில் வைத்து, அரை அங்குலம் தண்ணீர் விட்டு, கால்மணி நேரம் அடியிலிருந்து உறிஞ்சவிடுங்கள். மீதித் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பக்கத்தில் ஒரு சிறிய மின்விசிறி மெதுவாகச் சுழன்றால் இன்னும் நல்லது. சமையலுக்குப் போடும் இலவங்கப்பட்டைத்தூளைத் தூவினால் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. தண்ணீரைக் குறைக்காமல் எதைத் தூவியும் பயனில்லை.

அடுத்த முறை தோட்டத்து மண்ணையோ பழைய தொட்டி மண்ணையோ குழித்தட்டில் நிரப்பாதீர்கள். நன்கு அலசிய தென்னை நார்க்கழிவும் நன்றாக மக்கிய உரமும் கலந்த லேசான கலவை போதும். உரத்தின் பங்கு கொஞ்சமாகவே இருக்கட்டும். முதல் சில நாட்களுக்கு வேண்டிய உணவு விதைக்குள்ளேயே இருக்கிறது. பழைய தட்டாக இருந்தால், ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, கழுவிக் காயவைத்த பிறகு பயன்படுத்துங்கள்.

சரி, நீண்டுபோன நாற்றுகளுக்கு வருவோம். ஜன்னல் ஓரம் நமக்கு வெளிச்சமாகத் தெரிகிறது. கண் தன்னை அதற்கேற்ப மாற்றிக்கொள்வதால் வரும் ஏமாற்றம் அது. கண்ணாடியைத் தாண்டி, ஒரு பக்கமாக மட்டும் வரும் ஒளி, திறந்தவெளியில் கிடைப்பதில் ஒரு சிறு பங்குதான். நாற்று அதை நிழலில் மாட்டிக்கொண்டதாக எடுத்துக்கொண்டு, இருக்கிற சக்தியை எல்லாம் உயரத்தில் போடுகிறது. கூடவே சூடும் இருந்தால் இன்னும் வேகமாக நீளும். தக்காளி முளைப்பதற்கு 21 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் பிடிக்கும், 10 டிகிரிக்குக் கீழே அநேகமாக முளைக்காது. ஆனால் முளைத்த பிறகு அவ்வளவு சூடு வேண்டாம். ஒளி அதிகமாகவும் சூடு கொஞ்சம் குறைவாகவும் இருந்தால்தான் நாற்று குட்டையாக, தடித்து வரும்.

வெளியே வைக்க இடமும் மிதமான வானிலையும் இருந்தால், காலை வெயிலுக்குப் பழக்குங்கள். இல்லையென்றால் சாதாரண வெள்ளை எல்இடி குழல்விளக்கே போதும். அதை நாற்றின் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்குள் தொங்கவிட்டு, ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்கள், இரவில் அணைத்துவிடுங்கள். கூரையில் இருக்கும் விளக்கு கணக்கில் சேராது. ஒளி தூரம் போகப் போக வெகு வேகமாகக் குறைந்துவிடும். இன்னொரு எளிய வேலையும் உண்டு. தினமும் ஒரு முறை, நாற்றுகளின் தலையை உள்ளங்கையால் இரு பக்கமும் மெதுவாகத் தடவிக் கொடுங்கள். காற்றில் ஆடும் செடி தண்டைத் தடிப்பாக்கிக்கொள்வது போலவே, கைபட்டு அசையும் நாற்றும் உயரத்தைக் குறைத்துக்கொண்டு தடிக்கும். கேட்க வேடிக்கையாக இருக்கலாம், ஆனால் நாற்றுப் பண்ணைகளிலேயே பயன்படும் முறை இது.

இப்போது நீண்டு நிற்பவற்றுக்கு உண்மையான வைத்தியம், ஆழமாக மாற்றி நடுவதுதான். முதலில் வரும் மழமழப்பான இரண்டும் விதையிலைகள். அதற்குப் பிறகு ஓரம் வெட்டுவெட்டாக, கசக்கினால் தக்காளி வாசம் அடிக்கும் இலைகள் வரும். அந்த இலைகள் இரண்டு வந்ததும், ஒவ்வொரு நாற்றையும் தனித்தனியாகச் சிறு தொட்டிக்கு மாற்றுங்கள். எடுக்கும்போது தண்டைப் பிடிக்காதீர்கள், விதையிலையைப் பிடியுங்கள். இலை கிழிந்தால் வேறு இலை வரும், தண்டு நசுங்கினால் வேறு தண்டு கிடையாது. விதையிலைக்குச் சற்றுக் கீழே வரை தண்டை மண்ணுக்குள் இறக்கிவிடுங்கள். புதைந்த தண்டு முழுவதிலும் வேர் பிடிக்கும். தண்டில் இருக்கும் ரோமங்கள்தான் வேராக மாறுகின்றன என்று பரவலாகச் சொல்வார்கள், அது தவறு. வேர் தண்டின் உள்ளிருந்து புறப்படுகிறது. முதிர்ந்த தண்டில் சொரசொரப்பாகத் தெரியும் சிறு முண்டுகள் அதன் தொடக்கம். கத்தரிக்கோ மிளகாய்க்கோ தக்காளி அளவுக்கு இந்தத் திறமை இல்லை, அவற்றை இப்படி ஆழப் புதைக்க வேண்டாம்.

விதைத்து ஆறு முதல் எட்டு வாரத்தில் நாற்று நிரந்தர இடத்துக்குப் போகத் தயாராகிவிடும். அதற்கு முன் ஒரு வாரம், பத்து நாள் வெளியே பழக்க வேண்டும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். வீட்டுக்குள் வளர்ந்ததை நேரே உச்சி வெயிலில் வைத்தால், இலையில் காகிதம்போல் வெளுத்த திட்டுகள் விழும். நோய் என்று நினைத்து மருந்து அடிக்கத் தோன்றும். அது வெறும் வெயில் சூடு. படர்ந்து உயரும் ரகமானால் 20 லிட்டர் கொள்ளும் தொட்டி, நட்ட அன்றே ஊன்றுகோல், நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். இதற்குக் குறைந்த இடமென்றால் குட்டை ரகத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மூலிகைகளுக்கு வருவோம். கொத்தமல்லியில் நாம் விதை என்று சொல்லும் உருண்டை உண்மையில் ஒரு காய். அதற்குள் இரண்டு விதைகள். அதனால் தேய்த்து இரண்டாக உடைத்து விதைப்பார்கள். செருப்பாலோ உருட்டுக்கட்டையாலோ லேசாக அழுத்தினால் போதும், பொடியாக்கிவிடக் கூடாது. ஓர் இரவு ஊறவைத்து, ஒரு செண்டிமீட்டர் ஆழத்தில் போட்டால், ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் வரும். ஆக, உங்களுடையது இன்னும் வந்துகொண்டிருக்கலாம். பெரிய தவறு அதைக் குழித்தட்டில் போட்டதுதான். கொத்தமல்லிக்கு ஆணிவேர். பெயர்த்து நட்டால் மிரண்டு, இலை விடாமல் பூவுக்குப் போய்விடும். நேரடியாக ஒரு சாண் ஆழத் தொட்டியில் விதையுங்கள். வெப்பம் கூடினாலும் பகல் நீண்டாலும் அது பூக்கத்தான் செய்யும், யாராலும் நிறுத்த முடியாது. ஒரே தொட்டியைக் கட்டிக்கொண்டு அழாமல், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை புதிதாக ஒரு கைப்பிடி விதைத்துக்கொண்டே இருப்பதுதான் வழி. சதகுப்பை என்ற சோயிக்கீரைக்கும் இதே கதைதான்.

பேசில் என்று பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் திருநீற்றுப்பச்சிலை, தக்காளியோடு ஒத்துப்போகும் ஒரே ஆள். அதே சூடு, அதே வெளிச்சம். ஈரம் பட்டதும் விதையைச் சுற்றி வழவழப்பான ஒரு படலம் வீங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பூஞ்சணம் என்று பயந்து எடுத்துப் போட்டுவிடாதீர்கள். ஆழமாகப் புதைக்காமல், மேலே மண் தூவிய மாதிரி மட்டும் மூடுங்கள். மூன்று நான்கு அடுக்கு இலை வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். கிள்ளிய இடத்துக்குக் கீழிருந்து இரண்டு கிளை வரும். நுனியை விட்டுவிட்டு அடியிலுள்ள பெரிய இலைகளையே பறித்துக்கொண்டிருந்தால் செடி ஒற்றைக் குச்சியாக நின்று பூத்து முடியும். பூக்காம்பைக் கண்டதும் கிள்ளுங்கள். 10 டிகிரிக்குக் கீழே குளிர் இறங்கினால் இலை கறுத்துவிடும், உள்ளே எடுத்து வையுங்கள்.

புதினா விதை தூசிபோல் இருக்கும். முளைக்க வெளிச்சம் வேண்டும், மண்ணால் மூடினால் பெரும்பாலும் வராது. நீங்கள் மற்ற விதைகளோடு சேர்த்து அதையும் மூடியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் திறந்தே விதைத்திருந்தாலும் பெரிய பலன் இல்லை. புதினா வகைகள் ஒன்றோடொன்று எளிதில் கலப்பவை, விதையிலிருந்து வரும் செடிக்குத் தாய்ச்செடியின் வாசம் இருக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. பெப்பர்மின்ட் ஒரு கலப்பினம், அது முளைக்கக்கூடிய விதையே அநேகமாகத் தருவதில்லை. சமையலுக்கு வாங்கும் கட்டில் உறுதியான நாலு தண்டை எடுத்து, கீழ் இலைகளை நீக்கி, ஒரு கணுவாவது தண்ணீரில் மூழ்கும்படி வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றினால், ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளை வேர் தெரியும். பிறகு தனித் தொட்டியில் நடுங்கள். வேறு செடியோடு சேர்த்து வைத்தால் அதன் ஓடுதண்டு தொட்டி முழுவதையும் பிடித்துக்கொள்ளும். ரோஸ்மேரியும் இப்படித்தான், விதையில் சோம்பேறி, தண்டில் சமத்து. பார்ஸ்லியை மட்டும் விதையிலிருந்தே வளர்க்கலாம். மூன்று நான்கு வாரம் ஆகும் என்பது தெரியாமல் பாதியில் தட்டைக் கொட்டிவிடுபவர்கள்தான் அதிகம்.

கடைசியாக, மீதி விதை. ஈரமும் சூடும்தான் அதற்கு எதிரி. பாக்கெட்டின் வாயை மடித்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, குளிர்ச்சியான இருட்டில் வையுங்கள். தக்காளி விதை நான்கு ஆண்டு வரை தாராளமாகத் தாங்கும், பார்ஸ்லி விதைக்கு ஓராண்டுக்கு மேல் நம்பிக்கை குறைவு. அடுத்த வருடம் விதைக்கும் முன் பத்து விதையை ஈரக் காகிதத்தில் மடித்து, ஒரு பையில் போட்டு, வெதுவெதுப்பான இடத்தில் பத்து நாள் வையுங்கள் (மெதுவாக முளைக்கும் கொத்தமல்லிக்கு மூன்று வாரம், பார்ஸ்லிக்கு நான்கு வாரம்). எட்டு முளைத்தால் வழக்கம்போல் விதைக்கலாம். ஐந்துதான் வந்தால் குழிக்கு இரண்டு மூன்றாகப் போடுங்கள். இரண்டுக்குக் கீழே என்றால் புது பாக்கெட் வாங்கிவிடுங்கள்.