கென்னடி வரைக்கும் படிங்க

அன்புள்ள சார்,

மஞ்சக்காமாலை வந்து படுத்திருக்கேன். போன்ல மேய்ஞ்சப்போ வில்லியம் டன்பாரோட 'லாமென்ட் ஃபார் த மகாரிஸ்', அதாவது கவிஞர்களுக்கான புலம்பல், கண்ல பட்டுச்சு. 'மரண பயம் என்னைக் கலக்குது'ன்னு ஒவ்வொரு பத்தி முடிவுலயும் வர்ற லத்தீன் வரி ராத்திரி பூரா காதுல ஓடுது. நம்ம சித்தர்கள் சொன்ன நிலையாமைதானே இது? பின்பாதி வெறும் பேர் லிஸ்ட், தாண்டிட்டேன். பழைய ஸ்காட்ஸ் மொழிலயே படிக்கணுமா, இன்றைய இங்கிலீஷ் போதுமா?

ச.

அன்புள்ள ச.,

மொதல்ல உடம்பைப் பாருங்க. எண்ணெய்ப் பலகாரம் வேணாம், ராத்திரி போனும் வேணாம். டன்பாரும் சீக்குல கெடந்துதான் எழுதறார், 'நல்லா சந்தோஷமா இருந்தேன், இப்ப நோயில கெடக்கேன்'னுதான் ஆரம்பமே. 1505 வாக்குல, ஸ்காட்லாந்து ராஜா நாலாம் ஜேம்ஸ் அரண்மனைல மானியம் வாங்கிட்டு, அது பத்தலைன்னு பாட்டுப் பாட்டா அழுதுட்டு இருந்த காலம். உங்களுக்கு ஒட்டிக்கிட்டதுல ஆச்சரியமே இல்ல.

சித்தரையெல்லாம் விடுங்க. எதைப் படிச்சாலும் அதுக்கு நம்ம வீட்டு அலமாரில தட்டு தேடற பழக்கம் எப்பதான் போகுமோ. அந்த லத்தீன் வரி சர்ச்ல செத்தவங்களுக்காகச் சொல்ற ஜெபத்துல இருக்கறது, டன்பார் சொந்தச் சரக்கு இல்ல.

ஆனா பேர் லிஸ்டைத் தாண்டிட்டேன்னு கூசாம எழுதறீங்க பாருங்க! கவிதையே அங்கதான்யா இருக்கு. வீரன், பால்குடிக் கொழந்தை, வைத்தியன் எல்லாரையும் சாவு தூக்கிட்டுப் போறதை எந்தப் பாதிரியாரும் சொல்லிடுவார். டன்பார் செத்துப்போன கவிஞர்களை எண்றார், சாஸர், கோவர்னு இங்கிலீஷ்ல பெரிய தலைகள்ல ஆரம்பிச்சு மெல்ல தன் ஸ்காட்லாந்து ஊர்க்காரங்களுக்கு வர்றார், அபர்டீன்ல ஒரு ரௌல், கார்ஸ்டார்ஃபின்ல ஒரு ரௌல், 'இதைவிட நல்ல ரெண்டு பேரை யாரும் பாத்ததில்ல'ங்கறார். அந்த லிஸ்ட்ல பல பேர் எழுதினதுல ஒரு வரிகூட இன்னைக்கு மிஞ்சல.

கடைசிப் பேர் வால்ட்டர் கென்னடி. அவர் இன்னும் சாகல, சாகக் கெடக்கறார், 'ஐயோ பாவம், இப்படி ஆகக் கூடாது'ங்கறார் டன்பார். இந்த கென்னடி யாரு தெரியுமா, ரெண்டு பேரும் மாறி மாறி வசை பாடி ஒரு பெரிய போட்டியே நடத்தியிருக்காங்க. கென்னடி எடின்பரோ தெருவுல வந்தா பசங்களும் நாயும் துரத்தும், மீன்காரிங்க 'சீ'ன்னு கூடையைப் போடுவாங்கன்னு இவர் பாட, நீ கப்பல்ல போனப்ப வயித்தால போயி கப்பலையே நாறடிச்சியேன்னு அவர் பதில். அதுல டன்பார் தன் பக்கத்து ஆளா கூப்பிட்டுப் பேசற சர் ஜான் த ராஸும் இதே லிஸ்ட்ல ரெண்டு பத்தி முன்னாடி செத்துக் கெடக்கார்.

எனக்கும் ஒருத்தர் இருந்தார், சிறுபத்திரிகைல வருஷக்கணக்கா ஒருத்தரை ஒருத்தர் கிழிச்சோம், டயாலிஸிஸ்ல இருந்தப்போ பாக்கப் போனா 'அடுத்த இதழ்ல என்னை என்னடா திட்டியிருக்க'ன்னு மூச்சு வாங்கிட்டே கேட்டார். அவர் போனப்புறம் அஞ்சலி எழுதின பாதிப்பேர் அவரைப் படிச்சதே கிடையாது. நான் ஒரு கமா விடாம படிச்சிருந்தேன், திட்டறதுக்காக. அவரும் என்னை அப்படித்தான். இப்ப என்னை அந்த மாதிரி யார் படிக்கறா?

கென்னடி முடிஞ்ச அடுத்த பத்திலதான் டன்பார், 'என் சகோதரங்களையெல்லாம் சாவு எடுத்துடுச்சு, என்னை மட்டும் விடுமா, அடுத்த இரை நான்தான்'ங்கறார். அதுவரைக்கும் ஜெபமா இருந்த வரி அங்கதான் அவரோட பயமா ஆகுது, நீங்க என்னடான்னா அதைத் தாண்டிட்டு சித்தருக்குப் போயிட்டீங்க.

ஸ்காட்ஸோ இங்கிலீஷோ, எதுல வேணா படிங்க. ஆனா அந்த வசைப் போட்டியை மொதல்ல முடிச்சுட்டு இதுக்கு வாங்க. சிரிச்சா வயிறு வலிக்காத நாளாப் பாத்து.