இங்கிலாந்தை விட்டு அமெரிக்கா போன குடியேறிகளின் வாழ்க்கை எப்படி மாறியது?

குடியேறிகள் என்றால் ஊர் சுற்றிப் பார்க்கப் போனவர்கள் அல்ல. வேறு மண்ணிலேயே வீடு கட்டி, உழுது வாழப் போனவர்கள். 1620-இல் மேஃபிளவர் கப்பலில் அமெரிக்கக் கிழக்குக் கரையிலுள்ள பிளிமத் வந்த சுமார் 100 பேரில் பாதிப் பேர் முதல் குளிர்காலத்தைத் தாண்டவில்லை.

பிழைத்தவர்களுக்கு முதலில் மாறியது சாப்பாடு. கொண்டுவந்த கோதுமையும் பட்டாணியும் சரியாக விளையவில்லை. ஸ்குவாண்டோ என்ற பூர்வகுடிக்காரர்தான், மீனை உரமாகப் புதைத்து மக்காச்சோளம் நடக் கற்றுக்கொடுத்தார். பிடுங்கி நட்ட நாற்று சில நாள் மஞ்சளித்து நின்று, பிறகுதானே பச்சை பிடிக்கும்? இவர்கள் கதையும் அதுதான்.

பெரிய மாற்றத்துக்குக் காரணம் நிலம். இங்கிலாந்தில் நிலம் குறைவு, ஆள் அதிகம், இங்கே தலைகீழ். முதலில் எல்லாம் பொது விவசாயம்தான். 1623-இல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆள் கணக்குப்படி நிலம் பிரித்துக் கொடுத்ததும், பெண்கள் கைக்குழந்தைகளோடு வயலில் இறங்கினார்கள். தனக்கென்று வந்தால் யாருக்கும் வேகம் வரும்! சொந்த நிலம் கனவாக இருந்த பலர் இப்படித்தான் நிலக்காரர் ஆனார்கள்.

ஆளில்லாக் காட்டில் குடியேறினார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, அங்கே பட்டக்ஸெட் என்ற ஊர் இருந்தது, சில ஆண்டுகளுக்கு முன்புதான் கொள்ளைநோயில் அழிந்தது. ஸ்குவாண்டோவின் சொந்த ஊரே அதுதான்.