முதன்முறை மேனேஜர் ஆனபோது எது கஷ்டமாக இருந்தது?

‘நேற்றுவரை வேலை பார்த்தவர், இன்று வேலை வாங்குபவராக மாறும்போது எது சிரமம்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குச் சிரமமாக இருந்தது சும்மா இருப்பதுதான்.

பொதுத்துறை வங்கி ஒன்றில் கிளார்க்காகச் சேர்ந்து, ஆபீசராகி, டெல்டா பக்கம் ஒரு சின்ன ஊர்க் கிளைக்கு மேனேஜராகப் போனேன். மொத்தமே ஐந்து பேர். கவுன்டரில் நான் வேகமான ஆள் என்று பெயர். அதுதான் வினையானது.

திங்கட்கிழமை காலை நகைக் கடன் கூட்டம் வாசல்வரை நிற்கும். எனக்குக் கை பரபரக்கும். நேராகப் போய்க் கவுன்டரில் உட்கார்ந்து என்ட்ரி போட ஆரம்பித்துவிடுவேன். வங்கியில் என்ட்ரி போட்டவரே அதை பாஸ் பண்ண, அதாவது சரிபார்த்து ஒப்புதல் தர, முடியாது. நான் போட்டதை பாஸ் பண்ண அசிஸ்டன்ட் மேனேஜர் தன் வேலையை விட்டு வர வேண்டும். நான் பாஸ் பண்ண வேண்டிய பெரிய தொகைகளோ அப்படியே கிடக்கும். கூட்டத்தைக் குறைக்கப் போய் நானே அதைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. தவணை 90 நாள் தாண்டினால் வாராக்கடன். 60 தாண்டியதுமே ஆளைப் பிடித்துப் பேச வேண்டும். பேச வேண்டிய நான் பாஸ்புக் பதிந்துகொண்டிருந்தேன். அந்த மார்ச்சில் ஒரு வேன் கடனும் இரண்டு கடைக் கடனும் கைநழுவின. மேலிடத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒரு நாள் சாயங்காலம் பணப் பெட்டகத்தைப் பூட்டினோம். அதற்கு இரண்டு சாவி: ஒன்று என்னிடம், ஒன்று கேஷியர் மேடத்திடம். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர்.

“என் சாவியையும் நீங்களே வச்சுக்கங்க சார்” என்றார், சிரிக்காமல். “பகல் முழுக்க எங்க சீட் வேலையை நீங்கதானே பார்க்கிறீங்க.”

மறுநாள் கவுன்டர் கண்ணில் படாதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். 60 நாள் பட்டியலை எடுத்து வரிசையாகப் போன் போட்டேன். புதிதாகச் சேர்ந்த பையன் நகைக் கடன் போட என்னைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்தான், தப்பும் செய்தான். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அப்புறம் தீபாவளிக்கு முந்தின வாரம் அவன் லீவு. ஒரு பாட்டி நகையோடு வந்து, “அந்தத் தம்பி இல்லையா?” என்றார். நானே போட்டுத் தருகிறேன் என்றேன். வேண்டாம், நாளைக்கு வருகிறேன் என்று கிளம்பிவிட்டார்.