பனித்துளையில் பிக்கரல் பிடிக்க எந்தத் தூண்டிற்கோல்? – கேள்வி பதில்

உறைந்த ஏரியில் துளையிட்டு மீன்பிடிக்கப் பழகும் அன்பர்கள் சிலர் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். அமெரிக்கர் வால்ஐ என்று சொல்லும் மீனை, கனடாவின் ஒன்ராறியோவிலும் மனிட்டோபாவிலும் பிக்கரல் என்றே அழைப்பதால் நானும் அப்படியே குறிப்பிடுகிறேன். தூண்டிலை மேலும் கீழுமாகச் சுண்டி ஆட்டி மீனை வரவழைக்கும் ஜிக்கிங் முறைக்கான கோலைப் பற்றியே பெரும்பாலானோர் கேட்டிருக்கிறார்கள்.

அண்ணா, இந்தக் குளிர்காலத்தில் முதன்முறையாக நிப்பிசிங் ஏரிக்குப் போகிறோம். கடையில் 24 அங்குலம் முதல் 36 அங்குலம் வரை கோல்கள் இருக்கின்றன. எந்த நீளம் நல்லது?

நீளத்தைத் தீர்மானிப்பது மீன் அல்ல, நீங்கள் உட்காரும் இடம். பனிக்கட்டியின் மேல் வைத்த வாடகைக் குடிலுக்குள் துளையின் ஓரத்தில் அமர்ந்து பிடிப்பவருக்கு 24 முதல் 28 அங்குலம் வரை போதும். அதைவிட நீண்டால், மீன் கடித்ததும் கோலை உயர்த்தும்போது நுனி கூரையில் இடிக்கும். வெட்டவெளியில் நின்று, துளைக்குத் துளை மாறிப் பிடிப்பவருக்கு 30 முதல் 36 அங்குலம் வரை வசதியானது. ஒரே வீச்சில் அதிக நூலை மேலே இழுத்து தூண்டில் முள்ளை மீனின் வாயில் நன்றாகப் பதிய வைக்கலாம். இரண்டும் செய்வேன் என்பவர் 28 அங்குலத்தை வாங்கலாம்.

மீடியம், மீடியம் லைட், ஃபாஸ்ட், எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட் என்று கோலில் எழுதியிருப்பதன் பொருள் என்ன? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

முதல் இரண்டும் கோலின் பலத்தைக் குறிப்பவை. அடுத்த இரண்டும் கோல் எந்த இடத்திலிருந்து வளையத் தொடங்குகிறது என்பதைக் குறிப்பவை. ஃபாஸ்ட் என்றால் நுனிப்பகுதி மட்டும் வளையும், நடுப்பகுதியும் அடியும் விறைப்பாக நிற்கும். ஆனால் ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொரு நிறுவனத்தின் மீடியம் லைட்டாக இருப்பதுண்டு என்பதால், எழுத்தை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான்: முதலில் தூண்டிலைத் தேர்ந்தெடுங்கள், பிறகு அதற்கேற்ற கோலைத் தேடுங்கள். பிக்கரலுக்குப் பெரும்பாலும் எட்டில் ஒரு அவுன்ஸ் முதல் கால் அவுன்ஸ் வரையான, அதாவது ஏறத்தாழ 3.5 முதல் 7 கிராம் எடையுள்ள உலோகக் கரண்டித் தூண்டில்களையே பயன்படுத்துகிறோம். அப்படி ஒன்றைக் கடைக்குக் கொண்டுபோய், கடைக்காரரிடம் கேட்டு, கோலின் நுனியில் ஒரு முழ நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். நுனி இலேசாகத் தாழ வேண்டும். அசையாமல் நேராக நின்றால் கோல் அந்தத் தூண்டிலுக்கு மிஞ்சிய விறைப்பு. பாதிக் கோலும் வளைந்து தொங்கினால் வலு போதாது.

அந்தச் சிறு வளைவை நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், குளிர்நீரில் பிக்கரல் எப்போதும் வெடுக்கென்று இழுப்பதில்லை. கீழிருந்து எழுந்து வந்து தூண்டிலை வாய்க்குள் உறிஞ்சிக்கொண்டு அப்படியே நிற்கும், சில நேரம் மேல்நோக்கியும் நகரும். அப்போது கையில் எந்த அதிர்வும் தெரியாது. தூண்டிலின் பாரம் திடீரென்று இல்லாமற்போக, தாழ்ந்திருந்த நுனி நிமிரும். அந்த நிமிர்வுதான் கடி. முன்பே நிமிர்ந்து நிற்கும் விறைத்த கோலில் இதை யாராலும் காண முடியாது. எனது முதல் இரண்டு பருவங்களில் நான் தவறவிட்ட மீன்களில் பெரும்பகுதி இப்படித்தான் போயிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

ஆகவே கரண்டித் தூண்டிலுக்கு, மீடியம் லைட் அல்லது மீடியம் பலமும் மெல்லிய நுனியும் உறுதியான நடுப்பகுதியும் கொண்ட ஃபாஸ்ட் கோல் என்பதே என் பரிந்துரை.

மனிட்டோபாவின் வினிப்பெக் ஏரியில் எல்லோரும் கிலுகிலுக்கும் மீன்வடிவத் தூண்டில்களைப் போடுகிறார்கள். அதற்கும் இதே கோல் போதுமா?

போதாது. அவை கனமானவை, நீரில் அதிர்ந்து இழுப்பவை. மீடியம் லைட் கோலின் நுனி அந்த இழுவையிலேயே வளைந்துபோவதால் தூண்டில் துள்ள வேண்டிய அளவு துள்ளாது. முழு மீடியம் அல்லது மீடியம் ஹெவி பலத்தில் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட கோலை எடுங்கள். ஆனால் வளைவு மட்டும் ஃபாஸ்டைவிடச் சற்று மிதமாக இருக்கட்டும். இத்தூண்டில்களில் மும்முனை முட்கள் இரண்டு தொங்குகின்றன. மீன் தலையை உதறும்போது கோல் இசைந்து கொடுக்காவிட்டால் முள் வாயைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். மனிட்டோபாவில் எதிர்க்கூர் (மீன் கழன்றுவிடாதபடி தடுக்கும் பின்முனை) நீக்கிய முட்களே சட்டப்படி செல்லும் என்பதால், நூல் ஒரு கணமும் தளராதபடி தாங்கிப் பிடிக்கும் கோல் அங்கே இன்னும் முக்கியம்.

கிராஃபைட்டா, கண்ணாடியிழையா? குளிரில் கிராஃபைட் முறியும் என்கிறார்களே?

கிராஃபைட் அதிர்வை நன்றாகக் கைக்குக் கடத்தும். கண்ணாடியிழை மெதுவாக வளையும், அடிபட்டாலும் தாங்கும். சுண்டி ஆட்டும் கோலுக்குக் கிராஃபைட்டையே விரும்புகிறேன். நான் பார்த்தவரை அது முறிவதற்குக் குளிரைவிட, சறுக்குவண்டியில் மற்றச் சாமான்களோடு உறையில்லாமல் எறிந்து கொண்டுபோவதே காரணம். ஓர் இடத்தில் பட்ட சிறு கீறல், மீன் இழுக்கும்போது முறிவாகிறது.

ஒன்ராறியோவில் இரண்டு தூண்டில் போடலாம் என்கிறார்கள். இரண்டாவதற்கும் அதே கோலை வாங்கவா?

பெரும்பாலான ஒன்ராறியோ ஏரிகளில் பனிக்கட்டியின் மேல் இரண்டு தூண்டில்களுக்கு அனுமதி உண்டு. நீங்கள் 60 மீற்றருக்குள், அவற்றை மறைப்பின்றிப் பார்க்கும்படி இருக்க வேண்டும். போகும் ஏரிக்குத் தனி விதி உண்டா என்பதை அந்த ஆண்டின் விதிநூலில் பாருங்கள்.

இரண்டாவது கோல் வேறு வகையாக இருக்கட்டும். அது ஆட்டாமல் தாங்கியில் வைக்கும் கோல். கீழே உயிருள்ள சிறுமீன் இரை நீந்திக்கொண்டிருக்கும். ஐயத்தோடு வரும் பிக்கரல் இரையைக் கவ்வியபின் எதிர்விசையை உணர்ந்தால் உடனே துப்பிவிடும். எனவே முதல் ஓரடி நாணற்புல் போல வளைந்து கொடுத்து, அதற்குக் கீழே முதுகெலும்பு போன்ற வலு இருக்கும் கண்ணாடியிழைக் கோல் தேவை. ஆட்டும் தூண்டில் மீனை அருகே அழைத்துவர, தாங்கியில் வைத்த கோலின் இரையை அது கவ்வுவது மிக அடிக்கடி நடக்கும். குறிப்பாகப் பகல் நடுவில்! பிக்கரலின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி வீசும் படலம் ஒன்று இருப்பதால் மங்கிய வெளிச்சத்தில் அது துணிந்து வேட்டையாடும். விடியலும் அந்தியும் ஆட்டும் கோலுக்கு உரியவை, வெளிச்சம் கூடிய நேரம் அசையாக் கோலுக்கு உரியது.

நூல் செல்லும் வளையங்களில் பனி கட்டிக்கொள்கிறது. என்ன செய்வது?

வளையம் பெரிதாக உள்ள கோலை வாங்குங்கள். கட்டிய பனியை விரல்களால் உருக்கி எடுங்கள். தட்டி உடைத்தால் வளையம் நெளியும்.

எந்த ரீல், எந்த நூல்?

500 அல்லது 1000 அளவுள்ள ஸ்பின்னிங் ரீல் போதும். அதைக் கோலில் பூட்டி, விரலில் வைத்துப் பாருங்கள். பின்புறம் கனத்தால் மாலைக்குள் மணிக்கட்டு வலிக்கும். குடிலுக்குள் பிடிப்பவர் பின்னல் நூலைச் சுற்றி, அதன் முனையில் 6 அல்லது 8 இறாத்தல் தாங்கும் ஃபுளோரோகார்பன் நூலை ஒரு மீற்றர் முன்நூலாக இணைக்கலாம். வெளியில் பின்னல் நூல் தண்ணீரைக் குடித்து உறைந்துவிடுவதால், 6 இறாத்தல் தாங்கும் தங்கூசி (ஒற்றையிழை நைலான் நூல்) மேல்.

துளையின் வாய்வரை வந்த பெரிய மீனை இரண்டு முறை இழந்துவிட்டேன். கோலில் பிழையா?

நீங்கள் விவரித்தபடி, பின்னல் நூலும் மீடியம் ஹெவி கோலும் சிறிய முள்ளும் சேர்ந்தால் விட்டுக்கொடுக்க அங்கே எதுவுமே இல்லை. துளையின் கீழ் விளிம்பில் மீன் தலையைத் திருப்பும் கணத்தில் முழு விசையும் முள்ளின்மீதே இறங்குகிறது. குவின்டே விரிகுடாவில் 10 இறாத்தலுக்கு மேற்பட்ட பிக்கரல் வருவதுண்டு. அங்கே கோலை மாற்றுமுன் ரீலின் இழுவைப் பிடியைத் தளர்த்துங்கள், முன்நூலை நீட்டுங்கள். அதன் பின்னும் இழந்தால் ஒரு படி மெல்லிய கோலுக்கு மாறுங்கள். மீனின் தலை துளைக்குள் நுழைந்ததும் கோலை உயர்த்தி இழுக்காமல், அதை ஒரு கையில் தாழ்த்திப் பிடித்தபடி, மற்றக் கையால் மீனின் செவுள்மூடிக்குப் பின்னால் பற்றி மேலே எடுங்கள்.