விளக்குகள் கலங்கித் தெரிந்தால் உடனே கண்ணைச் சந்தேகிக்காதீர்கள்

இரவில் விமானத்தின் முகப்புக் கண்ணாடி வழியே ஓடுபாதை விளக்குகள் இரட்டையாகவும் கலங்கியும் தெரியுமாமே, விமானிகள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பயிற்சி மாணவராகத்தான் இருக்க வேண்டும். இரவுப் பறத்தல் தொடங்கியிருக்கும். பயிற்றுநரிடம் கேட்டால் கண்ணில் கோளாறு என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்து இங்கே கேட்கிறீர்கள். அந்தப் பயம் எனக்குத் தெரியும்.

என் இரண்டாவது இரவுப் பறத்தலில், ஓடுபாதை விளக்கு ஒவ்வொன்றைச் சுற்றியும் சிலந்தி வலை போல ஒளி வளையங்கள் தெரிந்தன. தரையிறங்கியதும் பயிற்றுநரிடம் சொன்னேன். அவர் விமானத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கண்ணைக் காட்டிவிட்டு வா" என்று சொல்லி, பறத்தலை நிறுத்திவைத்தார். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கண் மருத்துவர் எல்லாம் சோதித்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்றார்.

விடையைச் சொன்னவர் ஹேங்கரில் இருந்த வயதான மெக்கானிக். "தம்பி, இங்கே வாங்க" என்று அழைத்து, விளக்குகளை அணைத்துவிட்டு, முகப்புக் கண்ணாடிக்கு வெளியே டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். மயிரிழை போன்ற ஆயிரக்கணக்கான கீறல்கள். டார்ச்சை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் வளையங்களும் கூடவே நகர்ந்தன. சிறிய விமானங்களில் இருப்பது பெரும்பாலும் அக்ரிலிக். எளிதில் கீறல் விழும். தூசியை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகுதான் மென்மையான துணியால் துடைக்க வேண்டும், அதுவும் நேர்கோட்டில். யாரோ பல மாதங்களாக உலர்ந்த துணியால் வட்டம் வட்டமாகத் தேய்த்திருக்கிறார்கள். பகலில் ஒன்றும் தெரியாது. இரவில் ஒவ்வொரு விளக்கும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகவே முதலில் தலையை ஒரு சாண் நகர்த்திப் பாருங்கள். கண்ணாடியின் வேறு பகுதி வழியே பார்க்கும்போது கலங்கல் மாறினால் குறை கண்ணாடியில். பக்கவாட்டு ஜன்னல் வழியே பார்த்தாலும் அப்படியே இருந்தால் மருத்துவரிடம் போங்கள், தயங்காதீர்கள். (கண்ணில் குறையே இருக்காது என்று நான் சொல்லவில்லை. அப்படித் திரித்துக்கொண்டு யாரும் வர வேண்டாம்.)

பெரிய விமானங்களில் கதை வேறு. அங்கே முகப்புக் கண்ணாடி பல அடுக்குகள் கொண்டது. நடுவே பிளாஸ்டிக் படலம், பனி உறையாமல் சூடாக்க மின்கடத்தும் மெல்லிய பூச்சு. 1.8 கிலோ எடையுள்ள பறவை மோதினாலும் தாங்க வேண்டுமே! ஆனால் ஒவ்வொரு பரப்பும் கொஞ்சம் ஒளியைத் திருப்பி அனுப்பும். பரப்புகள் துல்லியமாக இணையாக இல்லாவிட்டால் ஒரு விளக்குக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொன்று தெரியும். விமானியறை விளக்குகளைக் குறைப்பதும், முகப்புக் கண்ணாடிகளுக்கு நடுவிலுள்ள தூணில் இருக்கும் சிறு உருண்டைகள் ஒன்றையொன்று மறைக்கும்படி இருக்கையைச் சரிசெய்வதும் இதற்காகவும்தான். ஒவ்வொரு முறையும் கண் ஒரே இடத்தில் இருக்கும்.

மழைதான் உண்மையில் ஆபத்து. கண்ணாடியில் நீர் வழியும்போது ஒளி வளைந்து, ஓடுபாதை இருப்பதைவிடத் தாழ்வாகத் தெரியும். நாம் அதிக உயரத்தில் இருப்பதாக மனம் நம்பிவிடும். துணை விமானியாக இருந்தபோது ஒரு மழை இரவில் என் கை தானாகவே விமானத்தின் மூக்கைத் தாழ்த்தியது. "மூன்று சிவப்பு" என்றார் கேப்டன். இறங்கும் சரிவு சரியா என்று காட்டும் ஓடுபாதை ஓரத்து பாப்பி (PAPI) விளக்குகள் நான்கில் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் பாதை சரி. மூன்று சிவப்பு என்றால் ஏற்கெனவே தாழ்ந்துவிட்டோம். தண்ணீர் விளக்கின் இடத்தை மாற்றிக் காட்டும், சிவப்பை வெள்ளையாக்காது. பாப்பியின் கண்ணாடியிலேயே ஈரம் படிந்தால் நிறம் குழம்பலாம் என்பதால் கருவிகளையும் சேர்த்தே பார்க்கிறேன். மூன்று பாகைச் சரிவில் ஒரு கடல் மைலுக்குச் சுமார் 300 அடி இறங்க வேண்டும். அந்தக் கணக்கு தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

தானியங்கிக் கருவிகள் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். கருவிகளின் வழிகாட்டலில் இறங்கும் வழக்கமான முதல் வகை (CAT I) முறையில்கூட 200 அடி உயரத்தில் ஓடுபாதையோ அதன் விளக்குகளோ கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். அந்தக் கடைசி 200 அடியை இந்தக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் விமானியாக முடியாது என்று இன்றும் பிள்ளைகளிடம் சொல்லி அவர்கள் ஆசையைக் கெடுக்கிறார்கள். மூக்குக்கண்ணாடியோடு தூரப் பார்வை ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரு கண்ணும் சேர்ந்து 6/6 இருந்தால் போதும் என்பதுதான் சர்வதேச விதி. மாற்று மூக்குக்கண்ணாடி ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும், அவ்வளவே. இந்த அறியாமையால்தான் மாணவர்கள் கண் தொந்தரவை மறைக்கிறார்கள்.

பிறகு என் பயிற்சி விமானத்துக்குப் புதிய முகப்புக் கண்ணாடி மாட்டினார்கள். என் பயிற்சிப் பதிவேட்டில் "பார்வை சந்தேகத்துக்குரியது" என்று பயிற்றுநர் எழுதிய வரியை மட்டும் யாரும் அடிக்கவில்லை.