மலையில் ஓட்ட ஒரு ஜப்பான் வண்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய ஹோண்டா, மிட்சுபிஷி பற்றியவைதான். சந்தோஷம். ஆனால் வண்டியின் வருடம், ஓடிய கிலோமீட்டர், எந்த இன்ஜின் என்று மூன்று விஷயங்களை எழுதுங்கள் என்று எத்தனை முறை கேட்பது? “என் காரில் புல்லிங் இல்லை, என்ன செய்யலாம்?” என்று ஒற்றை வரியில் எழுதி அனுப்பிய நான்கைந்து பேருக்கு என் பதில்: எந்தக் கார்?

2002 ஹோண்டா சிட்டி விடெக் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஒரே ஓனர், குன்னூர் வண்டி. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
*குன்னூர் வாசகர்*

குன்னூர் வண்டி என்பதால் முதலில் துருவைப் பாருங்கள். பெயின்ட் பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அடியில் டார்ச் அடியுங்கள். பானெட்டைத் திறந்து ஷாக் அப்சார்பர் மேலே வந்து உட்காரும் இடத்தையும், கதவுக்குக் கீழே ரன்னிங் போர்டின் உள்பக்கத்தையும் விரலால் அழுத்திப் பாருங்கள். இன்ஜினைப் பிரித்து வேலை பார்த்துவிடலாம். பாடி உள்ளே இற்றுப்போயிருந்தால் டிங்கரிங் செலவு வண்டி விலையைத் தொட்டுவிடும்.

அடுத்தது இன்ஜின். விடெக் என்பது இன்ஜின் சுற்றும் வேகத்துக்குத் தகுந்தபடி வால்வு திறப்பை மாற்றும் ஹோண்டா அமைப்பு. 1500 சிசி, நூற்றுச் சொச்சம் குதிரை. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். “ஷோரூமில் மாற்றியது” என்றால் பில்லைக் கேளுங்கள். பில் இல்லையா? மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, வாங்கிய வாரமே வாட்டர் பம்ப்போடு சேர்த்து மாற்றிவிடுங்கள். ஓட்டத்தில் பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் போய் இடிக்கும்.

நம் ஊரில் ஒரு வசதி, புகையைச் சோதிக்கத் தனியாக ஒர்க்‌ஷாப் போக வேண்டாம். குன்னூரிலிருந்து பர்லியார் வரை ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமல் இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள். சமதளம் வந்ததும் சட்டென்று மிதித்துவிட்டுக் கண்ணாடியில் பின்னால் பாருங்கள். நீலப் புகை ஒரு வீச்சு வந்து நின்றுவிட்டால் வால்வு ஆயில் சீல், சின்ன வேலை. ஏற்றத்தில் விடாமல் புகைந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, பெரிய வேலை. விலையை அதற்குத் தகுந்தபடி குறைத்துப் பேசுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அப்படியே இரண்டாவது கியர் கரகரக்கிறதா என்றும் கவனியுங்கள். மலை வண்டியில் மற்ற எந்த கியரையும்விட அதுதான் அதிகம் உழைத்திருக்கும்.

பதினைந்து வருடம் தாண்டிய வண்டி. ஆர்.சி. எந்தத் தேதி வரை புதுப்பித்திருக்கிறது என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஆர்.சி. புக்கில் உள்ள நம்பரும் இன்ஜினில் உள்ள நம்பரும் ஒன்றுதானா என்பதையும் நீங்களே பாருங்கள், புரோக்கரை விட்டுப் பார்க்கச் சொல்லாதீர்கள்.

கோவையில் சிவிக் 1.8 வாங்கினேன். அங்கே பறந்தது, ஊட்டிக்கு வந்ததும் இழுக்கவில்லை. கம்ப்ரஷன் டெஸ்டில் (சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளப்பது) 140 பிஎஸ்ஐதான் காட்டுகிறது, இன்ஜின் இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக்.
*ஊட்டி வாசகர்*

இறக்க வேண்டாம். ஊட்டி ஏழாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. கீழே கிடைக்கும் காற்றில் முக்கால் பங்குதான் இங்கே. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எந்த இன்ஜினுக்கும் மூச்சு அவ்வளவுதான். உங்கள் சிவிக் 132 குதிரை என்றால் ஊட்டியில் நூறை ஒட்டித்தான் தரும்.

கம்ப்ரஷன் கேஜும் இதே காற்றைத்தான் அளக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கோவையில் 180 பக்கம் காட்டும் நல்ல இன்ஜின் இங்கே 140தான் காட்டும். நான்கு சிலிண்டருக்குள்ளும் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் இன்ஜின் நன்றாக இருக்கிறது. பிளக், ஏர் ஃபில்டர் மாற்றிவிட்டு ஒரு கியர் குறைத்து ஓட்டப் பழகுங்கள்.

இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: விடெக் “அடிக்கிற” சத்தம், அதாவது வேகம் ஏறும்போது இன்ஜின் சத்தம் சட்டென்று மாறுவது, ஏன் வரவில்லை? இந்த இன்ஜினில் வராது. சிவிக் 1.8-ல் இருக்கும் ஐ-விடெக் பெட்ரோல் மிச்சம் பிடிப்பதற்கானது. லேசாக ஓட்டும்போது இன்டேக் வால்வைத் தாமதமாக மூடுகிறது, அவ்வளவுதான்.

சிட்டி இசட்எக்ஸ் ஐ-டிஎஸ்ஐ வைத்திருக்கிறேன். விடெக் ஹெட் மாற்றினால் பவர் ஏறுமா?
*கோத்தகிரி வாசகர்*

ஐ-டிஎஸ்ஐயை விற்றுவிட்டு விடெக்கே வாங்குங்கள். சிலிண்டருக்கு இரண்டு பிளக் போட்டு, 77 குதிரைக்கு, மைலேஜுக்காகவே செய்த வண்டி அது. அதை அதன் போக்கில் விடுங்கள்.

நண்பர் ஒருவர் பழைய சிட்டியில் ஹாஃப் கட்டில் (வெளிநாட்டில் பாதியாக வெட்டி அனுப்பும் பழைய காரின் முன்பாதி) வந்த ஹோண்டா பி16 இன்ஜின் ஏற்றி வைத்திருக்கிறார். ராக்கெட் மாதிரி போகிறது. ஆர்.சி.யில் இன்னும் பழைய இன்ஜின் நம்பர்தான். “அப்புறம் மாற்றிக்கொள்ளலாம், யாரும் பார்ப்பதில்லை” என்கிறார். வாங்கலாமா?
*வெலிங்டன் வாசகர்*

வேண்டாம்.

இதோடு நிறுத்திவிடலாம். ஆனால் இந்தக் கேள்வி மாதம் தவறாமல் ஏதாவது ஒரு வேடத்தில் வருகிறது. ஒரு முறை லான்சர், ஒரு முறை எஸ்டீம், இப்போது சிட்டி. எல்லாவற்றிலும் அதே “அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்”. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றி ஆர்.சி.க்கு முரணாக வண்டியை வைத்திருக்கக் கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்துவிட்டது. பழைய இன்ஜின் செத்துப்போய், அதே வகை இன்ஜினை பில்லோடு வாங்கி, ஆர்.டி.ஓ. அனுமதியோடு மாற்றினால் தவறில்லை. அனுமதி முதலில், இன்ஜின் பிறகு. உங்கள் நண்பர் செய்திருப்பது வேறு வகை இன்ஜின், வேறு பவர், கையில் அனுமதியும் இல்லை. இதை ஆர்.சி.யில் எப்படி ஏற்றுவார்? அபராதம் ஒரு மாற்றத்துக்கு ஐயாயிரம் ரூபாய்தானே என்று சிரிப்பவர்கள் உண்டு. ஆறு மாதம் வரை சிறைக்கும் அந்த அபராதப் பிரிவிலேயே இடம் இருப்பதை அவர்கள் படிப்பதில்லை. இன்னும் பெரிய அடி இன்சூரன்ஸில் விழும். ஒரு வளைவில் எதிரே வந்த பைக்காரருக்கு ஏதாவது ஆகிவிட்டால், சர்வேயர் பானெட்டைத் திறந்து நம்பரைப் பார்ப்பார். அதன் பிறகு நஷ்ட ஈட்டுக்கு உங்கள் வீட்டுப் பத்திரத்தைத்தான் நீங்கள் தேட வேண்டியிருக்கும்.

நம்பரை எப்படிப் பார்ப்பது? ஹோண்டாவில் இன்ஜின் பிளாக்கும் கியர் பாக்ஸும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், சின்னத் தட்டையான பரப்பில் பஞ்ச் செய்திருக்கும். கிரீஸைத் துணியில் துடைத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். நேராக அடித்தால் எதுவும் தெரியாது. எழுத்து பி16 என்று தொடங்கினால் அது சிட்டி பிறந்தபோது இருந்த இன்ஜின் இல்லை. எழுத்துகள் ஏறி இறங்கி நின்றாலோ, சுற்றிலும் பிளாக் சொரசொரப்பாக இருக்க அந்த இடம் மட்டும் வழவழவென்று கிரைண்டிங் கோடுகளோடு இருந்தாலோ, அந்த வண்டிக்குப் பக்கத்தில்கூட நிற்காதீர்கள். நம்பரை அழித்து அடிப்பது கிரிமினல் குற்றம். அதில் விற்றவரோடு வாங்கியவரும் சேர்ந்து ஸ்டேஷன் படி ஏற வேண்டும்.

சரி, சட்டத்தை ஓரமாக வையுங்கள். வண்டி வேலை என்று பார்த்தாலும் இது தேறாது. மவுன்டிங் எல்லாம் வெல்டிங், ஆக்சில் ஒரு வண்டியுடையது, வயரிங் இரண்டு வண்டியை ஒட்டியது. நூறு குதிரைக்குப் போட்ட பிரேக், பின்னால் டிரம், அது அப்படியே இருக்கிறது. 160 குதிரையை மேலே ஏற்றிவிட்டு பிரேக்கைத் தொடாத ஆளை நான் மெக்கானிக் என்றே சொல்ல மாட்டேன். ராத்திரி பதினோரு மணிக்கு, மழையில், பர்லியாருக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில் அந்த இன்ஜின் ஆஃப் ஆகி நின்றால், அந்த வயரிங்கைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் கோவையில் தூங்கிக்கொண்டிருப்பார்.

அந்த இன்ஜின் மேல் அவ்வளவு ஆசையென்றால் வழி இருக்கிறது. ரோட்டை மறந்துவிட்டு டிராக் வண்டியாகவே கட்டுங்கள். லாரியில் ஏற்றிச் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேக்குக் கொண்டுபோய் ஓட்டுங்கள். ரோல் கேஜ் (வண்டி உருண்டால் ஆளைக் காக்கும் இரும்புக் கூண்டு), பிரேக் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் எத்தனை பேருக்கு அந்த ஆசை மிச்சமிருக்கும் என்று தெரியவில்லை.

ஜப்பானிலிருந்து நிசான் ஆர்34 ஸ்கைலைன் இறக்குமதி செய்யலாமா? 25 வருடம் ஆகிவிட்டால் அனுமதி என்று வீடியோவில் பார்த்தேன்.
*கேத்தி வாசகர்*

அது அமெரிக்கச் சட்டம். கேத்தியில் செல்லாது. நம் நாட்டில் பழைய கார் இறக்குமதிக்கு விதி தலைகீழ்: தயாரித்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. வரியோ வண்டி விலையையே தாண்டும். ஐம்பது வருடம் கடந்த விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி வழி உண்டு. ஆர்34 ஜிடி-ஆர் வந்தது 1999-ல், 2049-ல் எழுதுங்கள். அதற்குள் யாராவது “பேப்பர் எல்லாம் ரெடி” என்று ஒரு ஸ்கைலைனைக் காட்டினால், அது கார்னே என்ற தற்காலிக இறக்குமதிச் சீட்டில் வந்து திரும்பிப் போகாத வண்டியா என்று கேளுங்கள்.

மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாக இறங்கும்போது பிரேக் கருகும் வாசனை, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. பெரிய டிஸ்க் மாற்றலாமா?
*மஞ்சூர் வாசகர்*

நாற்பதுக்கு மேல் கொண்டை ஊசி வளைவு உள்ள ரோட்டில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் லாரி பிரேக்கும் கருகும். ஏறும்போது போட்ட கியரில் இறங்குங்கள். நம் மலையில் போர்டே வைத்திருக்கிறார்கள்.

பெடல் உள்ளே போவதற்குக் காரணம் பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், நம் ஊர்ப் பனியில் கேட்கவே வேண்டாம். புது டாட் 3 ஆயில் இருநூறு டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் ஏறியது 140-லேயே கொதித்து ஆவியாகிவிடும். ஆவியை மிதித்தால் வண்டி நிற்காது. டாட் 4 போடுங்கள், கம்பெனி இரண்டு வருடம் என்றாலும் மலையில் வருடம் ஒரு முறை மாற்றுங்கள். சில நூறு ரூபாய் வேலை. பிரேக் பேட் முகம் கண்ணாடி போல் மின்னினால் அதையும் மாற்றுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் குறை இருந்தால் டிஸ்க் பற்றிப் பேசலாம். பெரும்பாலும் இருக்காது.

லான்சர் சீடியா, 2007 மாடல், மலிவாக வருகிறது. எடுக்கலாமா?
*கூடலூர் வாசகர்*

ஓட்டுவதற்கு அருமையான வண்டி. இரண்டு லிட்டர், 115 குதிரை, பின்னால் மல்டி லிங்க் சஸ்பென்ஷன். நடுவட்டம் ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தால் கையை விட்டுப் போக மனசு வராது. மலிவாக வருவதற்குக் காரணம் பாகங்கள். திருவள்ளூரில் தயாரான வண்டிதான், ஆனால் இன்று மிட்சுபிஷி கார் இங்கே விற்பனையிலேயே இல்லை. பின் சஸ்பென்ஷன் புஷ், ஆர்ம் எங்கே கிடைக்கும், எவ்வளவு என்று முதலில் விசாரித்துவிட்டு அப்புறம் விலை பேசுங்கள். வீட்டில் வேறு ஒரு வண்டி இருந்தால் எடுங்கள். தினமும் வேலைக்குப் போக இது ஒன்றுதான் என்றால் வேண்டாம். கூடலூர் மழையைக் கேட்கவே வேண்டாம், அடிப்பாகத் துருவை லிஃப்ட்டில் ஏற்றிப் பாருங்கள். பிரேக் ஆயில், முதல் நாளே.

ஸ்பிரிங்கை ஒன்றரைச் சுற்று அறுத்துவிட்டால் வண்டி தாழ்ந்து ஸ்டைலாக இருக்குமாமே?
*அருவங்காடு வாசகர்*

இருக்கும், ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்கும்வரை. வளைவில் ஷாக் அடியில் போய் இடிக்கும், டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும், முதல் வேகத்தடையில் சைலன்சர் பெயர்ந்துவிடும். தாழ்த்தியே ஆக வேண்டுமென்றால் ஷாக்கோடு சேர்ந்த செட்டாக வாங்குங்கள். காசில்லையென்றால் நல்ல டயர் வாங்குங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் எந்த வாரம், எந்த வருடம் என்று சொல்லும். 0918 என்றால் 2018-ன் ஒன்பதாவது வாரம். பட்டன் நிறைய இருக்கிறது என்று எட்டு வருட டயரில் ஓட்டுகிற ஆட்களை நான் தினமும் பார்க்கிறேன்.

பலேனோ 1.6-ல் ஹீட் ஏறுகிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடச் சொல்கிறார்கள்.
*லவ்டேல் வாசகர்*

கழற்றாதீர்கள். குளிரில் இன்ஜின் சூடே ஏறாது, பெட்ரோல் குடிக்கும். முதலில் ரேடியேட்டர் மூடியை மாற்றுங்கள். நம் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதைக் கொதிக்காமல் அழுத்திப் பிடிப்பது அந்த மூடியின் ஸ்பிரிங்தான். அது தளர்ந்தால் கீழே ஹீட் ஆகாத வண்டி மேலே ஆகும். பச்சைத் தண்ணீர் ஊற்றியிருந்தால் காலி செய்துவிட்டுக் கூலன்ட் ஊற்றுங்கள். டிசம்பர் உறைபனிக்கும் அதுதான் காப்பு. இதெல்லாம் செய்தும் தண்ணீர் குறைந்துகொண்டே போனால் ஹெட் காஸ்கெட்டைப் பார்க்க வேண்டியதுதான்.

பழைய வண்டித் தொல்லை வேண்டாம், ஆனால் மலையில் இழுக்க வேண்டும். எது?
*கோத்தகிரி வாசகர்*

மாருதி பலேனோ ஆர்எஸ், மேலே சொன்ன பழைய 1.6 இல்லை. 2017-ல் வந்தது, ஒரு லிட்டர் டர்போ, 102 குதிரை, நான்கு சக்கரத்திலும் டிஸ்க். உயரத்தில் டர்போ தன் மூச்சைத் தானே பார்த்துக்கொள்ளும். அதிகம் விற்காததால் தேட வேண்டும். ரீமேப் செய்த (இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றிப் பவர் ஏற்றிய) வண்டி என்றால் தள்ளுங்கள். அந்த டர்போ மலையில் ஏற்கனவே கூடுதலாகச் சுற்றுகிறது.

கல்லட்டி ரோட்டில் ராத்திரி டைமிங் போட்டுப் பார்க்க நல்ல நேரம் எது?
*ஊர் எழுதவில்லை*

எந்த நேரமும் இல்லை. 36 கொண்டை ஊசி வளைவு, கீழே போனால் யானை. வெளியூர் வண்டிகளுக்கு ஏன் அங்கே கட்டுப்பாடு வந்தது என்று தெரிந்துதான் கேட்கிறீர்களா?

பனியில் ரோடு தெரியவில்லை. எச்ஐடி பல்ப் போடலாமா?
*எடப்பள்ளி வாசகர்*

ஹாலஜனுக்குச் செய்த ரிஃப்ளெக்டரில் எச்ஐடி போட்டால் வெளிச்சம் சிதறும். பனியில் அந்த வெள்ளை வெளிச்சம் உங்கள் கண்ணிலேயே திரும்ப வந்து அடிக்கும், எதிரே வருபவருக்கும் கண் கூசும். பம்பரில் தாழ்வாக மஞ்சள் ஃபாக் லைட் இரண்டு, ரிலேயோடு போடுங்கள். அதற்கு முன் ஹெட்லைட் கண்ணாடி மங்கியிருந்தால் பாலிஷ் போடச் சொல்லுங்கள். எர்த் வயரையும் கழற்றிச் சுரண்டி மாட்டச் சொல்லுங்கள். பாதிப் பேருக்கு இதோடு பிரச்சினை தீர்ந்துவிடும்.